நாற்று நடுவது யார்? காவிரி டெல்டாவிலிருந்து சமூகவியல் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

சமூகவியலை முதலாண்டில் படிக்கிறவர்கள் கையில் கிடைப்பது வரையறைகளின் அடுக்கு. சமூகம், நிறுவனம், நெறி, தகுதிநிலை என்று ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி. தேர்வுக்கு முதல் நாள் இரவு மனப்பாடம் செய்து, எழுதி முடித்த மறுவாரம் மறந்துவிடுகிறார்கள். மாணவர்களைக் குறை சொல்ல முடியாது. எந்தக் கேள்விக்கு விடை தேடும்போது அந்தக் கருத்து பிறந்தது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

இந்த வழிகாட்டி கேள்வியிலிருந்து தொடங்குகிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் கேட்கக்கூடிய கேள்வி அது: நம் ஊர் வயலில் இன்று நாற்று நடுவது யார்? முப்பது ஆண்டுகளுக்கு முன் நட்டவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் இப்போது என்ன செய்கிறார்கள்?

அண்மை ஆண்டுகளில் டெல்டாவின் பல ஊர்களில் மேற்கு வங்கத்திலிருந்து வந்த தொழிலாளர் குழுக்கள் நடவு நடுகின்றன. வேறு சில ஊர்களில் நடவு இயந்திரம் வந்துவிட்டது, சில இடங்களில் நாற்றங்காலே இல்லாமல் நேரடி விதைப்பு. இந்த ஒரு மாற்றத்தைப் பிடித்துக்கொண்டே சமூகவியலின் கருத்துகள், கோட்பாடுகள், ஆய்வு முறைகள் மூன்றையும் கற்றுவிடலாம் என்பது என் உறுதியான நம்பிக்கை.

படி 1: கேள்வியைக் கூர்மையாக்குங்கள்

டீக்கடையில் கேட்டால் உடனே விடை கிடைக்கும். "நூறு நாள் வேலை வந்து எல்லாரையும் கெடுத்துவிட்டது." "படித்த பெண்களுக்குச் சேற்றில் இறங்கக் கூச்சம்." சொல்கிறவருடைய அனுபவம் இவற்றுக்குள் இருக்கிறது, ஆகவே ஒதுக்கிவிடாதீர்கள். ஆனால் இவை இன்னும் சோதிக்கப்படாத விளக்கங்கள்தான்.

முதல் விளக்கத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டம் 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கியது. தமிழ்நாட்டில் முதல் கட்டமாக எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்களில் நாகப்பட்டினமும் ஒன்று. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களுக்கு அது பிறகுதான் வந்தது. அப்படியானால் கேள்வி இப்படி மாறுகிறது: நாகப்பட்டினத்தின் ஊர்களில் ஆள் தட்டுப்பாடு முன்னதாகத் தொடங்கியதா? அல்லது இரண்டு பக்கமும் 2006க்கு முன்பே, இளைஞர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகத் தொடங்கியபோதே தொடங்கிவிட்டதா? எது முன்பு, எது பின்பு என்று கேட்பதும், ஒரே மாதிரியான இரண்டு இடங்களை ஒப்பிடுவதும் சமூகவியலின் அடிப்படைக் கருவிகள். அவற்றை நீங்கள் இப்போதே பயன்படுத்திவிட்டீர்கள்.

அமெரிக்கச் சமூகவியலாளர் சி. ரைட் மில்ஸ் 1959இல் வலியுறுத்தியதும் இந்தப் பார்வையைத்தான். ஒரு மனிதரின் சொந்தத் தொல்லையையும் சமூகத்தின் பொதுப் பிரச்சினையையும் இணைத்துப் பார்க்கும் திறனை அவர் சமூகவியல் கற்பனை என்றார். "என் மூன்று மா நிலத்துக்கு (ஏறக்குறைய ஓர் ஏக்கர்) நடவு ஆள் கிடைக்கவில்லை" என்பது ஒரு விவசாயியின் தொல்லை. ஒரே பருவத்தில் வட்டாரம் முழுவதும் கிடைக்கவில்லை என்றால், அதற்கு அந்த விவசாயியின் குணமோ கூலியாளின் குணமோ போதிய விளக்கமாகாது.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து முதல் பக்கத்தில் உங்கள் கேள்வியை எழுதுங்கள். எந்த ஊர், எந்தக் காலம், யாரைப் பற்றி என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். "விவசாயத்தில் ஏற்பட்ட மாற்றங்கள்" என்பது தலைப்பு, கேள்வியல்ல. "எங்கள் ஊரில் 1990க்குப் பின் பிறந்த பெண்களில் எத்தனை பேர் ஒரு முறையாவது கூலி நடவுக்குப் போயிருக்கிறார்கள், போகாதவர்கள் என்ன வேலை செய்கிறார்கள்?" என்பது கேள்வி.

படி 2: கருத்துகளை ஊரில் அடையாளம் காணுங்கள்

எல்லாக் கருத்துகளையும் ஒரே நாளில் தேட வேண்டாம். நடவுக் கேள்விக்கு வேண்டியவை ஐந்தாறுதான்.

தகுதிநிலை என்பது சமூகத்தில் ஒருவருக்கு இருக்கும் இடம். பிறப்பால் வருவது ஒரு வகை, முயன்று ஈட்டுவது இன்னொரு வகை. சாதி முதல் வகை, செவிலியர் வேலை இரண்டாம் வகை. அந்த இடத்தில் இருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற எதிர்பார்ப்பைப் பங்கு என்கிறோம். எதிர்பார்ப்பு பொது விதியாக உறைந்துவிட்டால் அது நெறி. இந்த விதிகளைக் குழந்தை வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் கற்றுக்கொள்வது சமூகமயமாதல்.

இந்த நான்கையும் சேர்த்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. ஊரில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று கவனியுங்கள். அறுபது வயதுக் கூலித் தொழிலாளியை நிலக்காரர் வீட்டு இருபது வயது இளைஞர் பெயர் சொல்லி, ஒருமையில் கூப்பிடுகிறாரா? அந்த முதியவர் பதிலுக்கு என்ன சொல்கிறார்? அதே முதியவரின் பேத்தி வங்கியில் வேலை பார்த்தால், அந்த இளைஞர் அவளிடம் எப்படிப் பேசுகிறார்? பிறப்பால் வந்த தகுதியும் ஈட்டிய தகுதியும் மோதும் இடம் இதுவே. வயதுக்கு மரியாதை என்று எல்லா வீட்டிலும் கற்றுத்தரப்படும் நெறி எந்தத் தெரு எல்லையோடு நின்றுவிடுகிறது என்பதும் இங்கேயே தெரியும்.

அடுக்கமைவு, அதாவது சொத்து, மதிப்பு, அதிகாரம் ஆகியவை சமமின்றிப் பகிரப்பட்டு, அந்தச் சமமின்மை தலைமுறை தாண்டியும் நீடிப்பது, டெல்டாவில் மண்ணிலேயே வரையப்பட்டிருக்கிறது. பழைய ஊர்களில் அக்கிரகாரம், குடியானத் தெரு, வயல்களுக்கு அப்பால் சேரி என்று குடியிருப்புகள் பிரிந்திருந்தன. உங்கள் ஊரின் வரைபடத்தை நீங்களே வரையுங்கள். கோயில், குளம், வாய்க்கால், ரேஷன் கடை, பஸ் நிறுத்தம், சுடுகாட்டுப் பாதை ஆகியவற்றைக் குறியுங்கள். எந்தத் தெருவிலிருந்து எது எவ்வளவு தூரம் என்று பாருங்கள். சுடுகாட்டுப் பாதையை மட்டும் தனியாகக் கவனியுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் வயலுக்குள் இறங்கிப் பிணத்தைத் தூக்கிச் செல்ல வேண்டிய நிலை எந்தத் தெருவுக்கு இருக்கிறது என்பது பல பக்கங்கள் பேசும்.

சாதியைப் பற்றி இரண்டு பெயர்களைத் தவறாமல் தெரிந்துகொள்ளுங்கள். அம்பேத்கர் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்தளித்த கட்டுரையில், சாதியின் உயிர்நாடி அகமணமுறை என்று வாதிட்டார். தீட்டு, தொழில் ஆகியவற்றைவிட, தன் குழுவுக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டும் என்ற விதிதான் சாதியை நிலைக்கச் செய்கிறது என்பது அவர் கருத்து. மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றை ஆராய்ந்த எம். என். சீனிவாஸ், எண்ணிக்கை, நிலம், செல்வாக்கு ஆகியவற்றால் ஊரை நடத்தும் சாதியை ஆதிக்க சாதி என்று வரையறுத்தார். உங்கள் ஊரில் சடங்கில் உயர்ந்ததாகக் கருதப்படும் சாதியும் ஊரை நடத்தும் சாதியும் ஒன்றுதானா? டெல்டாவில் பல ஊர்களில் "இல்லை" என்றே விடை வரும்.

படி 3: ஒரே வயலை வெவ்வேறு கோட்பாடுகளால் பாருங்கள்

சமூகவியல் என்ற பெயரை 1830களில் தந்தவர் பிரான்ஸ் நாட்டின் ஆகஸ்ட் கோம்ட். அவரைப் பற்றித் தொடக்கநிலையில் அதிகம் படிக்கத் தேவையில்லை. இத்துறைக்கு அடித்தளமிட்ட சிந்தனையாளர்களான மார்க்ஸ், துர்கைம், வெபர் மூவரிடம் நேரம் செலவிடுங்கள்.

மார்க்ஸின் கேள்வி: உற்பத்திச் சாதனம் யாருடையது, உழைப்பு யாருடையது, விளைந்ததில் யாருக்கு எவ்வளவு? டெல்டாவுக்கு இந்தக் கேள்வி அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தும். மிராசுதார், குத்தகைதாரர், பண்ணையாள் என்ற அடுக்கு இங்கே நெடுங்காலம் நிலைத்தது. பண்ணையாள்கள் ஒரே பண்ணையோடு கட்டுண்டு, பெரும்பாலும் நெல்லாகவே கூலி பெற்றார்கள். விவசாயச் சங்கங்களின் போராட்டங்களுக்குப் பிறகு 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி நெல்லை உயர்த்திக் கேட்ட போராட்டத்தின் தொடர்ச்சியில் 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 தலித் மக்கள் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெண்களும் குழந்தைகளுமே அவர்களில் மிகுதி. அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் இயற்றப்பட்டது. நடவுக் கூலி என்பது வெறும் விலை என்று யாராவது சொன்னால், இந்த வரலாற்றை அவர் முன் வையுங்கள். வர்க்கமும் சாதியும் ஒரே மனிதர்களின் உடலில் எப்படிச் சேர்ந்து இறங்குகின்றன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு டெல்டாவில் வேறில்லை.

துர்கைமின் கேள்வி வேறு: தனித்தனி மனிதர்களால் ஆன சமூகம் எப்படிச் சிதறாமல் இருக்கிறது? 1897இல் வெளியிட்ட ஆய்வில் அவர் தற்கொலையை எடுத்துக்கொண்டார். மிகத் தனிப்பட்டதாகத் தோன்றும் அந்தச் செயலின் விகிதம்கூட ஒவ்வொரு சமூகத்திலும் ஆண்டுதோறும் ஏறக்குறைய நிலையாக இருப்பதையும், மதம், மணநிலை போன்றவற்றோடு மாறுவதையும் புள்ளிவிவரங்களால் காட்டினார். தனிமனிதருக்கு வெளியே நின்று அவரைக் கட்டுப்படுத்தும் இத்தகைய ஒன்றைச் சமூக மெய்மை என்றார். ஒரு பெண் நடவுக்குப் போகாதது அவள் முடிவு. ஒரு தலைமுறையே போகாதது சமூக மெய்மை.

அவர் வழி வந்த செயற்பாட்டியர்கள், ஒரு வழக்கம் சமூகத்தை எப்படிக் கட்டிக் காக்கிறது என்று கேட்பார்கள். குடிமராமத்தை அப்படிப் பார்க்கலாம். கல்லணைக்குக் கீழே பிரியும் ஆறுகளிலிருந்து கடைமடை வரை தண்ணீர் போக, வாய்க்காலை எல்லாரும் சேர்ந்து தூர்வார வேண்டும். அந்தக் கூட்டுப் பணி ஊரை ஒன்றாக்கியது என்பது உண்மை. ஆனால் மண்வெட்டி பிடித்தது யார், கரையில் நின்று மேற்பார்வை பார்த்தது யார் என்பதை இந்தப் பார்வை எளிதில் விட்டுவிடும். செயற்பாட்டியத்தை இந்த எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும்.

வெபர், மனிதர்கள் தங்கள் செயலுக்குத் தரும் பொருளைப் புரிந்துகொள்ளாமல் விளக்கம் முழுமையாகாது என்றார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண் கும்பகோணம் ஜவுளிக்கடையில் நாள் முழுதும் நிற்கிறாள். நாள் கணக்கில் பார்த்தால் நடவுக் கூலி அதைவிடக் கூடுதலாகவே இருக்கலாம். பின் ஏன்? கடையில் அவளை "வாங்க" என்கிறார்கள். வயலில் அவள் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களை அவள் பார்த்து வளர்ந்திருக்கிறாள். வருமானத்தால் வரும் வர்க்க நிலையும் மதிப்பால் வரும் தகுதியும் வேறு வேறு என்று வெபர் பிரித்துக் காட்டியதன் பயன் இங்கே தெரிகிறது. "கூச்சம்" என்று டீக்கடையில் ஒரே சொல்லில் முடித்துவிட்ட விஷயத்துக்குள் மானம் பற்றிய தெளிவான கணக்கு இருக்கிறது.

பெண்ணியப் பார்வையை இறுதி அத்தியாயத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். நடவுக் கேள்விக்கு அது மையம். நாற்று நடுவது பெண்களின் விரலுக்கே வரும் என்று தலைமுறைகளாகச் சொல்லி, ஆண் கூலியைவிடக் குறைந்த கூலி கொடுக்கப்பட்டது. இன்று வெளிமாநிலத்திலிருந்து ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம் பேசி வரும் குழுக்களில் நடுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள். நடவு இயந்திரத்தை ஓட்டுபவர்களும் ஆண்களே. விரலின் இயல்பு என்று சொல்லப்பட்டது, கூலிமுறை மாறியவுடன் காணாமல் போய்விட்டது. வேலையின் பாலினம் இயற்கையில் இல்லை என்பதற்கு உங்கள் ஊர் வயலே சான்று.

படி 4: உங்கள் மண்ணில் நடந்த ஆய்வுகளைப் படியுங்கள்

டெல்டா மாணவர்களுக்கு ஒரு பெரும் பேறு உண்டு. இந்தியாவில் மிகக் கவனமாக ஆராயப்பட்ட கிராமப் பகுதிகளில் இதுவும் ஒன்று.

சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு சில தென்னிந்தியக் கிராமங்களை ஆய்வு செய்து 1918இல் வெளியிட்டார். அவற்றில் ஒன்று இன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்துப் பாலக்குறிச்சி. 1930களில் வேறு ஆய்வாளர்கள் அந்தக் கிராமங்களுக்கு மறுபடி போனார்கள், பின்னரும் போனார்கள். இப்படி ஓர் ஊரைத் தலைமுறைகள் தாண்டித் தொடர்ந்து பார்ப்பது அரிதான ஆய்வுச் செல்வம்.

மானிடவியலாளர் கேத்லீன் கஃப் 1951 முதல் 1953 வரை தஞ்சை மாவட்டத்தில் இரண்டு கிராமங்களில் களப்பணி செய்து, 1976இல் திரும்பி வந்து மறுபடி பார்த்தார். மார்க்சியக் கேள்விகளோடு வந்தவர் அவர். சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தெய் 1960களின் தொடக்கத்தில் ஒரு தஞ்சைக் கிராமத்தில் தங்கி, வெபரின் பிரிப்பைக் கொண்டு சாதி, வர்க்கம், அதிகாரம் மூன்றையும் தனித்தனியே ஆராய்ந்தார். முன்பு ஒரே குழுவிடம் குவிந்திருந்த மூன்றும் பிரியத் தொடங்கியிருக்கின்றன என்பது 1965இல் வெளிவந்த அவர் ஆய்வின் முடிவு. இருவரும் ஊர்களுக்குப் புனைபெயர் தந்தார்கள். அந்த ஊர் எது என்று துப்பறிவதில் நேரத்தை வீணாக்க வேண்டாம், அது நெறியும் அல்ல.

பெத்தெயிடம் நான் மிக மதிக்கும் ஒன்று, தம் ஆய்வின் எல்லையை அவரே எழுதிவைத்தது. அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் ஊரார் அவரை அந்தத் தெருவோடு சேர்த்தே பார்த்தார்கள். ஆதிதிராவிடர் குடியிருப்புக்குள் இயல்பாகப் போய்ப் பழகுவது கடினமாயிற்று. ஆய்வாளர் எங்கே தூங்குகிறார் என்பது அவருக்கு என்ன தெரியவரும் என்பதைத் தீர்மானிக்கிறது. நீங்கள் எந்தத் தெருவில் பிறந்தவர் என்பதும் அப்படியே.

படி 5: முறையையும் மாதிரியையும் தேர்ந்தெடுங்கள்

எத்தனை பேர், எவ்வளவு என்பது கேள்வியானால் கணக்கெடுப்பு வேண்டும். ஏன், எப்படி என்பது கேள்வியானால் ஆழ்ந்த பேட்டியும் நேரடி அவதானிப்பும் வேண்டும். கடந்த காலம் வேண்டுமானால் ஆவணங்கள். நம் நடவுக் கேள்விக்கு மூன்றும் தேவை. முதலில் கணக்கெடுத்து, அதில் தெரியும் புதிர்களைப் பேட்டியில் பின்தொடர்வது தொடக்கநிலை மாணவருக்கு ஏற்ற வரிசை.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலான மாணவர் ஆய்வுகள் கெட்டுப்போகின்றன. பஸ் நிறுத்தத்தில் இறங்கி, முதலில் தென்படும் வீடுகளில் ஐம்பதைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். பிரதான சாலையில் இருப்பவை கடைக்காரர், நிலக்காரர், வேலையில் இருப்பவர் வீடுகள். நடவுக்குப் போனவர்கள் உள்ளே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள்.

சரியான வழி இது. முதலில் எல்லாத் தெருக்களிலும் நடந்து வீடுகளைப் பட்டியலிடுங்கள். ஊரில் 300 வீடுகள், நீங்கள் 60 வீடுகளைக் கேட்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு. ஒவ்வொரு தெருவையும் தனி அடுக்காகக் கொண்டு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணைச் சீட்டுப் போட்டு எடுத்து, அந்த வீட்டில் தொடங்கி ஒவ்வோர் ஐந்தாம் வீட்டையும் குறியுங்கள். 100 வீடுள்ள தெருவிலிருந்து 20, 40 வீடுள்ள தெருவிலிருந்து 8 என்று விகிதம் தானாக அமையும். கதவு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டுக்குத் தாவாதீர்கள், மாலையில் மறுபடி போங்கள். பகலில் பூட்டியிருக்கும் வீடுதான் வேலைக்குப் போனவர்களின் வீடு.

காலத்தையும் பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12ஐ ஒட்டிக் குறுவை வேலைகள் சூடு பிடிக்கும், பிறகு சம்பா, தாளடி நடவு வரும். நடவை அவதானிக்க வேண்டுமானால் அந்த நாள்களில் விடியற்காலையே வயல்வரப்பில் இருக்க வேண்டும். பேட்டிக்கு நடவு நாள்களின் காலை உதவாது.

படி 6: வினாக்களைச் செதுக்குங்கள்

"உங்களுக்கு எவ்வளவு நிலம் இருக்கிறது?" மாணவர்கள் தயாரிக்கும் எல்லா வினாத்தாளிலும் இருக்கும் இந்த வினா டெல்டாவில் பயன்படாது.

ஏன் என்று பாருங்கள். பட்டா அப்பா பெயரில் இருக்கும், பாகம் பிரித்திருக்க மாட்டார்கள். சாகுபடி செய்யும் நிலம் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும், இவர் குத்தகை அளப்பவர். அல்லது சென்னையில் இருக்கும் உறவினர் நிலத்தை வாய்ப்பேச்சில் எடுத்துச் செய்வார், எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் இராது. இவர்கள் அனைவரும் "இரண்டு ஏக்கர்" என்று ஒரே விடையைச் சொல்லக்கூடும். ஆகவே வினாவை உடையுங்கள். இந்தச் சம்பாவில் நீங்கள் எத்தனை மா பயிர் செய்தீர்கள்? அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது? விளைந்ததில் யாருக்காவது அளந்தீர்களா, எவ்வளவு? கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட யாருடைய சிட்டா, அடங்கலைக் கொடுத்தீர்கள்? கடைசி வினாவில் உண்மையான உறவு பெரும்பாலும் வெளிவந்துவிடும்.

அளவையும் கவனியுங்கள். டெல்டாவில் பேச்சு மாவில்தான். ஒரு மா ஏறக்குறைய 33 சென்ட், மூன்று மா ஓர் ஏக்கர், இருபது மா ஒரு வேலி. அவர்கள் சொல்லும் அளவிலேயே எழுதிக்கொண்டு, ஏக்கருக்கு மாற்றுவதை வீட்டில் செய்யுங்கள். அவர்களை மாற்றச் சொன்னால் பிழை புகும்.

கூலி வினாவும் அப்படியே. "கூலி எவ்வளவு?" என்றால் ஊரில் பேசப்படும் கூலியைச் சொல்வார்கள். "கடைசியாக எப்போது வேலைக்குப் போனீர்கள்? அன்று கையில் எவ்வளவு வந்தது? எத்தனை மணிக்கு இறங்கி எத்தனை மணிக்குக் கரையேறினீர்கள்? டீ, சாப்பாடு உண்டா? முன்பணத்தில் கழித்தார்களா?" என்று கேட்டால் நடந்தது வரும். பொதுவாக எப்படி என்பதைவிட நேற்று எப்படி என்று கேளுங்கள்.

சாதியை முதல் பக்கத்தில் வைக்காதீர்கள். பழக்கம் ஏற்பட்ட பின் கேளுங்கள், விரும்பாதவரை வற்புறுத்தாதீர்கள். வினாத்தாளை முழு ஆய்வில் இறக்குமுன் பக்கத்து ஊரில் ஐந்தாறு வீடுகளில் சோதித்துப் பாருங்கள்.

படி 7: பேட்டியும் களக்குறிப்பும்

ஊராட்சித் தலைவரிடம் முறைப்படி சொல்லிவிட்டுத் தொடங்குங்கள், ஆனால் அவரோடு சேர்ந்து வீடு வீடாகப் போகாதீர்கள். அவர் கட்சியும் சாதியும் உங்கள் மேல் ஒட்டிக்கொள்ளும். பேட்டி நடக்கும்போது நிலக்காரர் அந்தப் பக்கம் வந்தால் விடைகள் மாறும். அதை நிறுத்த முடியாது, குறித்துக்கொள்ள முடியும். எல்லாத் தெருவிலும் பெரியவர்களை ஒரே மாதிரி "அம்மா", "ஐயா" என்று அழையுங்கள். ஒரு தெருவில் "ஐயா", இன்னொரு தெருவில் "பெரியவரே" என்று நாக்கு தானாக மாறுகிறதா என்று உங்களையே கவனியுங்கள்.

களக்குறிப்பை அன்றிரவே எழுத வேண்டும். பக்கத்தை நடுவில் கோடிட்டு, இடப்பக்கம் கண்டதையும் கேட்டதையும், வலப்பக்கம் நீங்கள் நினைத்ததையும் எழுதுங்கள். இடப்பக்கம் இப்படி இருக்கலாம்: "காலை 6.40, டீக்கடை. பெஞ்சில் நால்வர். நாற்று முடிச்சுகளை இறக்க வந்த இருவர் சைக்கிளில் சாய்ந்து நின்றபடி டீ குடித்தனர். பெஞ்சில் இடம் இருந்தது. எல்லாருக்கும் காகிதக் கோப்பை." வலப்பக்கம்: "ஏன் உட்காரவில்லை? அவசரமா, வழக்கமா? நாளை ஞாயிறு, வேலை இல்லாத நாளில் பார்க்க வேண்டும்."

இந்த எடுத்துக்காட்டைத் தெரிந்தே தந்தேன். டீக்கடையில் தலித் மக்களுக்குத் தனிக் குவளை வைக்கும் இரட்டைக் குவளை முறை கண்ணுக்குத் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. காகிதக் கோப்பை வந்தபின் பாகுபாடு ஒழிந்ததா, வேறிடத்துக்கு நகர்ந்ததா என்பது பார்வையால் மட்டும் தெரியாது. பெஞ்சையும், கோயில் திருவிழாவில் மண்டகப்படி யாருக்கு உண்டு என்பதையும், கல்யாணப் பந்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெளிமாநிலத் தொழிலாளர்களை விட்டுவிடாதீர்கள். மொழி தெரியாது என்று அவர்களைப் பற்றி மற்றவர்களிடம் மட்டும் கேட்கும் ஆய்வு பாதி ஆய்வு. இந்தியோ வங்காளமோ தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள், ஆனால் அவர்களை அழைத்துவந்த இடைத்தரகரையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளாதீர்கள்.

படி 8: யாருக்கும் தீங்கு வராமல் செய்யுங்கள்

நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள், விடை எங்கே போகும் என்பதைச் சொல்லி, சம்மதம் பெற்ற பிறகே தொடங்குங்கள். நலத்திட்டம் கிடைக்கும் என்ற எண்ணத்தில் சிலர் பேசுவார்கள். அப்படி எதுவும் கிடைக்காது என்பதை முதலிலேயே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

பெயர்களுக்குப் பதில் எண் கொடுங்கள், எண்ணும் பெயரும் சேர்ந்த பட்டியலைத் தனியே பூட்டி வையுங்கள். வாய்மொழிக் குத்தகைதாரர் உங்களிடம் சொன்னது நிலக்காரர் காதுக்குப் போனால் அடுத்த பருவம் அவருக்கு நிலம் இராது. கடன், கூலித் தகராறு, சாதி மறுப்புத் திருமணம் பற்றிய விவரங்களை நண்பர்களிடம்கூடப் பேசாதீர்கள். சிறிய ஊரில் பெயரை மறைத்தால் மட்டும் போதாது. "ஊரில் செவிலியராக இருக்கும் பெண்ணின் தாய்" என்று எழுதினால் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

படி 9: பகுத்து எழுதுங்கள்

அறுபது வினாத்தாளையும் ஒரு பெரிய அட்டவணையில் ஏற்றுங்கள். வீட்டுக்கு ஒரு வரிசை, வினாவுக்கு ஒரு நிரல். பிறகு இரண்டிரண்டாக எதிரெதிரே வைத்துப் பாருங்கள்: கல்வியும் நடவும், தெருவும் நடவும், வெளியூர் வருமானமும் நடவும்.

பத்தாம் வகுப்பு முடித்த பெண்களில் நடவுக்குப் போனவர்கள் மிகக் குறைவு என்று தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்விதான் காரணம் என்று உடனே எழுதிவிடாதீர்கள். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து பணம் அனுப்பியதால் படிக்கவும் முடிந்தது, வயலுக்குப் போகாமல் இருக்கவும் முடிந்தது என்பது சாத்தியம். அப்போது மூன்றாவது ஒன்று இரண்டுக்கும் பின்னால் இருக்கிறது. வெளியூர் வருமானம் உள்ள வீடு, இல்லாத வீடு என்று பிரித்து, இரண்டிலும் அதே ஒப்பீட்டைச் செய்து பாருங்கள். வேறுபாடு இரண்டிலும் நீடித்தால் கல்விக்குத் தனிச் செல்வாக்கு இருக்கலாம். மறைந்துவிட்டால் பணம்தான் வேலை செய்திருக்கிறது. அறுபது வீடுகளைப் பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணிக்கை சுருங்கிவிடும் என்பதால், முடிவைத் தயக்கத்தோடு சொல்லுங்கள்.

பேட்டிகளைத் திரும்பத் திரும்பப் படித்து, மீண்டும் மீண்டும் வரும் பொருள்களுக்கு ஓரத்தில் பெயரிடுங்கள்: மரியாதை, முதுகுவலி, முன்பணம், மகளின் படிப்பு. உங்கள் விளக்கத்துக்கு ஒத்துவராத பேட்டிகளைத் தனியே எடுத்துவைத்து, அவற்றுக்கும் இடம் கொடுங்கள். எல்லாரும் விட்டுவிட்ட ஊரில் பட்டப்படிப்பு முடித்தும் நடவுக்குப் போகும் ஒரு பெண் இருந்தால், அவருடைய பேட்டியே உங்கள் ஆய்வில் மிக மதிப்புள்ளது. அவர் யாருடைய வயலில் நடுகிறார், சொந்த வயலிலா, கூலிக்கா என்று முதலில் பாருங்கள்.

அறிக்கையில் கேள்வி, முந்தைய ஆய்வுகள், முறை, கண்டது, விளக்கம் என்ற வரிசை போதும். முறைப் பகுதியில் எந்தத் தெருவில் உங்களால் எளிதாகப் பேச முடிந்தது, எந்தத் தெருவில் கதவு திறக்கவில்லை, எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதை எழுதுங்கள். எழுதி முடித்ததும் முடிவுகளை ஊரில் சிலருக்குப் படித்துக் காட்டுங்கள், ஒரே தெருவில் மட்டும் வேண்டாம். "இது தவறு" என்று ஒருவர் சொன்னால், எந்தத் தெருவில் எந்த வரிக்குச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொண்டு அதையும் அறிக்கையில் சேருங்கள். வீட்டுப் பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த குறுவையில் அதே அறுபது வீடுகளுக்குப் போக அது வேண்டும்.